பந்தியில் உள்ள உறவே!

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: 'பண்டிகை விருந்துக்கு உயிர், பானையில் உள்ள மரபா? பந்தியில் உள்ள உறவா?' இரண்டாவது அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! இலை போட்டாச்சா என்று பார்க்கிற பாவனையில் எதிரே உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து இந்த அரங்கத்தை நிறைத்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு பொங்கல் பானையையே மேடையில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "பால் பொங்கினால்தான் பொங்கல். நெய் ஒழுகினால்தான் சர்க்கரைப் பொங்கல். இதிலே எவனும் கை வைக்கக் கூடாது" என்றார்கள். கேட்கும்போதே எனக்கு நாக்கில் நீர் ஊறிவிட்டது. நடுவர் அவர்களே, பொய் சொல்ல மாட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தத் தலைப்பைக் கொடுத்திருந்தால் நானும் அந்தப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். அந்த நாற்காலியிலிருந்து என்னை எழுப்பி இந்தப் பக்கம் உட்கார வைத்தது யார் தெரியுமா? 82 வயசான என் தாயார்.

எங்கள் வீடு திருநெல்வேலிப் பக்கம். பரம்பரையாகச் சைவச் சாப்பாடு. என் பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஒரு பொங்கலுக்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் போன் செய்தான். "அப்பா, நான் இப்ப வீகன்" என்றான். நான் ஏதோ புது உத்தியோகம் என்று நினைத்து, "சம்பளம் கூடுமாலே?" என்று கேட்டேன். (சிரிப்பு)

அப்புறம்தான் விளக்கினான். பால் கிடையாது, தயிர் கிடையாது, மோர் கிடையாது, நெய் கிடையாது, தேனும் கிடையாது. செடி, கொடி, மரம் கொடுப்பது மட்டும்தான் சாப்பாடு. 1944-இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர்களும் இதற்காகவே ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'வெஜிடேரியன்' என்ற சொல்லின் தலையையும் வாலையும் மட்டும் எடுத்து ஒட்டினால் 'வீகன்'. நடுவில் இருந்த பாலையும் முட்டையையும் எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வாத்தியார் சும்மா இருப்பேனா? திருக்குறளைக் கையில் எடுத்தேன். "ஏலே, 1121-ஆவது குறளில் வள்ளுவர் காதலியின் வாயூறும் நீருக்கு என்ன உவமை சொல்கிறார் தெரியுமா? பாலும் தேனும் கலந்த கலவை என்கிறார். புலால் மறுத்தலுக்குத் தனி அதிகாரமே வைத்துப் பத்துக் குறள் எழுதிய பெருமான், பாலையும் தேனையும் விடவில்லையே! நீ என்ன அவரைவிடப் பெரிய ஆளா?" என்றேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "அப்பா, அவர் உவமைதானே சொன்னார்? குடிக்கச் சொல்லலையே!" டாக்டர் பட்டம் வாங்கியது நான். பதில் சொன்னது அவன். (கைதட்டல்)

சரி, பொங்கலுக்கு வந்தான். இனிமேல் நான் சொல்வது சிரிக்கிற சமாசாரம் இல்லை.

அந்த வருஷம் என் மனைவி இரண்டு சமையல் செய்தாள். எங்களுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. இரண்டு சாம்பார், இரண்டு பொரியல். விடியற்காலம் மூன்று மணிக்கு அடுப்படிக்குள் போனவள் பதினோரு மணி வரைக்கும் வெளியே வரவில்லை. அவ்வளவு செய்தும் என்ன ஆயிற்று? நம் சமையலில் நெய் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. பருப்பில் இருக்கிறது, ரசத்துத் தாளிப்பில் இருக்கிறது, முந்திரி வறுத்ததில் இருக்கிறது. ஒரு பாத்திரத்துக் கரண்டி இன்னொரு பாத்திரத்துக்குள் போய்விட்டது. அவன் ஒன்றொன்றாகக் கேட்டுக் கேட்டு ஒதுக்கி, கடைசியில் வெறும் சோறும் ஊறுகாயும் சாப்பிட்டான்.

அந்த நேரத்தில் என் தாயார் கையில் சர்க்கரைப் பொங்கலை எடுத்துக்கொண்டு வந்தார்கள். "எய்யா, ஆச்சி கையால ஒரு வாய் சாப்பிடுய்யா" என்றார்கள். அவன் இலையைக் கையால் மறைத்தான். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! "உன் கொள்கைக்காக என் அம்மா கையைத் தட்டிவிடுவியாலே? ஊரு உலகத்துக்கெல்லாம் ஒரு மரபு, உனக்கு ஒரு மரபா?" என்று வீடே அதிரக் கத்தினேன். மேடையில் பேசிப் பழகிய குரல் இல்லையா? நாலாவது வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தான். சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

அடுத்த வருஷம் போன்தான் வந்தது, ஆள் வரவில்லை. "லீவு கிடைக்கலப்பா" என்றான். பொங்கலுக்கு லீவு கிடைக்காத ஆபீஸா? எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

எதிரணிச் சகோதரி அவர்களே, நீங்கள் கேட்டீர்களே அந்த மரபு, அது அன்றைக்கு எங்கள் வீட்டில் குறையில்லாமல் இருந்தது. முற்றத்தில் கோலம். மஞ்சள் குலை கட்டிய பானை. பனை ஓலை போட்டு எரித்தோம். பால் பொங்கியது. நெய் ஒழுகியது. குலவை போட்டார்கள். பந்தி போட்டோம். என் தாயார் வழக்கம்போலத் தன் இலைக்குப் பக்கத்தில் பேரனுக்கு ஓர் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்துவிட்டார்கள். என் மனைவி ஓடி வந்தாள். "அத்தை, வராத பிள்ளைக்கு இலை போடக் கூடாது அத்தை" என்று சொல்லி வெடுக்கென்று உருவி எடுத்தாள். எதற்காக எடுத்தாள் என்று இங்கே இருக்கிற தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு என் வீட்டில் யாருமே இரண்டாம் முறை சோறு வாங்கவில்லை.

அன்று ராத்திரி அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். "ஏய்யா, அந்தப் பால்காரன் வைக்கோல் கன்னுக்குட்டியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வருவானே, ஞாபகம் இருக்கா?" என்றார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. கன்று செத்துப் போனால் அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்து, பசுவின் முன்னால் வைப்பார்கள். அது நக்கிக் கொடுக்கும். மடி சுரக்கும். கறந்துகொள்வார்கள். "இவன் ஒண்ணாங் கிளாஸ் படிக்கையில அந்தக் கன்னைத் தொட்டுப் பாத்துட்டு வந்து, அன்னைக்கு ராத்திரி பால் குடிக்கல. ஏன்னு நான் கேட்டேன். 'ஆச்சி, அந்த மாட்டை ஏமாத்துறாங்க'ன்னான். நீதான் அதட்டிக் குடிக்க வச்ச. இப்ப வளந்துட்டான், உன்னால அதட்ட முடியல. அவ்வளவுதான்" என்றார்கள்.

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. நான் வள்ளுவரை எடுத்துக்கொண்டு அவனோடு வாதாடினேன். அம்மாவோ அவனுடைய ஒண்ணாங் கிளாஸை ஞாபகம் வைத்திருந்தார்கள்.

"அதுக்காகப் பால் இல்லாமப் பொங்கல் விடலாமா அம்மா?" என்று கேட்டேன். அதற்கு அம்மா சொன்னதைத்தான் இந்த மன்றத்தில் சாட்சியாக வைக்கிறேன். "எங்கப்பா வீட்டுல ஒரு வருசம் மாடு வத்திப் போச்சு. அதுக்காவ பொங்கல் விடாமலா இருந்தோம்? அரிசி களைஞ்ச ரெண்டாந் தண்ணிய உலையில வச்சோம். நல்லா நுரைச்சுக்கிட்டுதான் வந்துச்சு. சூரியன் என்ன பானைக்குள்ள எட்டிப் பாத்து, இது பசும்பாலா களைநீரான்னா கேட்டுச்சு?" (பலத்த கைதட்டல்)

விஞ்ஞானம் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அரிசி களைந்த நீரில் மாவுச்சத்து இருக்கிறது. அதனால்தான் நுரை கட்டிப் பொங்கி வழிகிறது. நம் ஊர்ப்பக்கம் பால் ஊற்றுகிற வீடுகளிலும் பானையில் பாதி களைநீர்தான். பெயர் பாலுக்கு, உழைப்பு களைநீருக்கு!

மூன்றாம் வருஷம். அம்மாவே போன் போட்டுப் பேரனைக் கூப்பிட்டார்கள். "பாலும் வேண்டாம், நெய்யும் வேண்டாம், நீ வா" என்றார்கள். இப்போது கேள்வி, யார் சமைப்பது? என் மனைவி முந்திக்கொண்டாள். "ஒரே சமையல்னா செய்றேன். ரெண்டு சமையல்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். நான் என்ன ஓட்டலா நடத்துறேன்?" என்றாள். நியாயம்தானே? எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய நண்பர், "வீட்டில் ஒருத்தர் கொள்கை எடுத்தால் இன்னொருத்தருக்கு இடுப்பு ஒடிகிறது" என்றார். அவர் சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். (சிரிப்பு) ஆகவே தீர்மானம் போட்டோம். கொள்கை எடுத்தவன் அரைக்க வேண்டும். கோபப்பட்டவன் துருவ வேண்டும். தேங்காய்த் துருவி என் கைக்கு வந்தது.

பதினாலு பேருக்குச் சமையல். மூன்று கிலோ காய், ஆறு தேங்காய். மேடையில் மூன்று மணி நேரம் நின்று பேசியிருக்கிறேன், வலித்ததில்லை. ஆறு தேங்காய் துருவியதில் மறுநாள் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை.

என்ன சமைப்பது என்று யோசித்தால், நடுவர் அவர்களே, வெட்கமாக இருந்தது. எங்கள் திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்துக்கு என்ன போடுவார்கள்? சொதி! பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, அத்தனையையும் தேங்காய்ப் பாலில் வேகவைத்து, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்து, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. மாப்பிள்ளையை மயக்குவதற்கு எங்கள் ஊர் கண்டுபிடித்த அந்தச் சாப்பாட்டில் ஒரு சொட்டு மாட்டுப்பால் உண்டா? வீகன் வீகன் என்று இவன் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது, எங்கள் மறுவீட்டுப் பந்தியில் ரொம்ப காலமாக இலையில் விழுந்துகொண்டிருக்கிறது! இடிசாம்பாருக்கு நல்லெண்ணெய் போதும். சிறுகிழங்குப் பொரியலுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். பனங்கிழங்குக்கு ஒன்றுமே வேண்டாம். அவியலுக்குத் தயிரை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் புளித்தண்ணீர் விடச் சொன்னார்கள் அம்மா.

சர்க்கரைப் பொங்கலில்தான் சோதனை. அரைக் கிலோ பச்சரிசிக்கு நூற்றிருபத்தைந்து கிராம் பாசிப்பருப்பு, ஒரு கிலோ வெல்லம், மூன்று தேங்காய்ப் பால். நான் துருவியதுதானே, நானே ஊற்றுகிறேன் என்று பெருமையாக முதல் பாலைக் கொதிக்கிற பானையில் ஊற்றிவிட்டேன். ஊற்றிய இரண்டு நிமிஷத்தில் பால் திரிந்து, எண்ணெய் தனியே, சக்கை தனியே மிதக்கிறது. "பி.எச்.டி. வாங்கினவுகளை அடுப்படிக்குள்ள விட்டா இப்படித்தான்" என்றாள் என் மனைவி. (சிரிப்பு) அப்புறம் அம்மா பாடம் நடத்தினார்கள். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் அரிசியையும் பருப்பையும் குழைய வேகவிட வேண்டும். குழைந்த பிறகுதான் வெல்லப்பாகு. முன்னாலேயே வெல்லத்தைப் போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து கெட்டியானதும் பானையை இறக்கிவிட்டு, கடைசியில் முதல் பால். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறித் தேங்காய் எண்ணெயில் சிவக்க வறுத்து, ஏலக்காய், சுக்குத் தட்டி மேலே போட வேண்டும். திரிந்துபோன என் பானையும் வீணாகவில்லை. கிளறிக் கிளறி அல்வா மாதிரி ஆக்கிவிட்டார்கள். அதுதான் முதலில் காலியாயிற்று!

பையன் தன் பங்குக்கு ஒரு வித்தை காட்டினான். நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, லேசாகச் சூடாக்கி, பச்சை மிளகாய்க் காம்பை உள்ளே போட்டு மூடி வைத்தான். மறுநாள் அது உறைந்திருந்தது. "ஆச்சி, தயிர்!" என்றான். அம்மா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். நாங்கள் எல்லோரும் தீர்ப்புக்குக் காத்திருக்கிறோம், இப்போது நடுவருக்குக் காத்திருக்கிற மாதிரி. "இதைத் தயிர்னு சொல்லாதய்யா. தயிர்னு சொன்னா நான் தயிரைத் தேடுவேன். கடலைப் பச்சடின்னு சொல்லு, நல்லா இருக்கு" என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

எதிரணிச் சகோதரி ஆண்டாள் நாச்சியாரைத் துணைக்கு அழைத்தார்கள். திருப்பாவையின் 27-ஆம் பாசுரத்தில் முழங்கை வரைக்கும் நெய் வழிகிறதே என்றார்கள். உண்மை. ஆனால் அம்மா, நீங்கள் 27-ஆவது பாட்டிலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். நான் இரண்டாவது பாட்டிலிருந்து வருகிறேன். அந்தப் பாட்டில் நோன்பு தொடங்கும்போது அதே ஆண்டாள் நெய்யும் வேண்டாம் பாலும் வேண்டாம் என்று இரண்டையும் தள்ளிவைக்கிறாள்! (கைதட்டல்) சரி, 27-ஆவது பாட்டையே பார்ப்போம். நெய் வழிவதோடு அவள் நிறுத்தினாளா? எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து மனம் குளிர்வதில் கொண்டுபோய் முடிக்கிறாள். எங்கள் அணியின் தலைப்பு அந்தக் கடைசி அடியில் இருக்கிறது. நீங்கள் முழங்கையோடு நின்றுவிட்டீர்கள்!

இன்னொன்று. "நெய்யில் வறுத்த முந்திரி நம் மரபு" என்றீர்கள். முந்திரி பிரேசில் நாட்டு மரம். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கிய பிறகு, போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த சரக்கு. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாமே கடல் தாண்டி வந்தவை. மிளகாய் வருவதற்கு முன்னால் நம் பாட்டனுக்குப் பாட்டன் மிளகைப் போட்டுத்தான் பொங்கல் சாப்பிட்டான். வெண்பொங்கலில் இன்றைக்கும் அந்த மிளகு கிடக்கிறது. நாம் அதைத்தான் பொறுக்கி இலை ஓரத்தில் ஒதுக்குகிறோம்! பிரேசில் முந்திரிக்குப் பானைக்குள் இடம் கொடுத்தவர்கள், பெற்ற பிள்ளைக்குப் பந்தியில் இடம் கொடுக்க மாட்டோம் என்றால் எப்படி?

பந்தி போட்டோம். என் மைத்துனர் பழைய ஆள். உட்கார்ந்ததும், "நெய் இல்லாம எனக்குப் பருப்பு இறங்காதே மாப்பிள்ளை" என்றார். நான் பயந்துவிட்டேன், இன்னொரு சண்டை வரப்போகிறது என்று. என் மனைவி ஒரு சின்னக் கிண்ணத்தில் நெய்யைக் கொண்டுவந்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பொதுவில் நெய் இல்லை. வேண்டியவருக்குக் கிண்ணத்தில் உண்டு. இந்த ஒரு கிண்ணம் அவர்கள் அண்ணனையும் காப்பாற்றியது, எங்கள் பையனையும் காப்பாற்றியது. முதல் வருஷமே இது எனக்குத் தோன்றியிருந்தால் இரண்டு சமையலும் இல்லை, சண்டையும் இல்லை. பையனும் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. மாமாவுக்குச் சொதியை அவனே பரிமாறினான்.

அம்மாவுக்கு ஒரு கவலை மிச்சம் இருந்தது. "பால் தயிர் இல்லாம உடம்புக்குத் தெம்பு எங்கேருந்து வரும்?" என்று கேட்டார்கள். அதையும் அவன் மறைக்கவில்லை. பருப்பும் கடலையும் எள்ளும் கீரையும் பெரும்பாலானதைக் கொடுத்துவிடும், பி12 என்கிற வைட்டமின் மட்டும் செடி கொடியில் கிடையாது, அதற்கு டாக்டரைக் கேட்டு மாத்திரை போடுகிறேன் என்றான். "மாத்திரையில மாடு இல்லையே?" என்று கேட்டார்கள் பாருங்கள் எங்கள் அம்மா! (சிரிப்பு)

பிறகு சர்க்கரைப் பொங்கலைக் கையில் எடுத்தார்கள். அதே கை, அதே இலை, அதே பேரன். இந்தத் தடவை "சாப்பிடுய்யா" என்று சொல்லவில்லை. கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். அவன் இலையை மறைக்கவில்லை, இலையில் வாங்கவும் இல்லை. வாயைத் திறந்தான். இருபத்தேழு வயசுப் பையன், பதினாலு பேர் பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொதியில் காரம் ஜாஸ்தி என்று சொல்லிச் சமாளித்தேன். சொதியில் காரமே கிடையாது என்பது எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

நடுவர் மணியடித்துவிட்டார். நானும் புறப்பட வேண்டும். காலையில் பையன் ரயிலில் வந்து இறங்கிவிட்டான். போன தடவை பதினாலு பேர். இந்தத் தடவை இருபது பேர் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். எட்டுத் தேங்காய் உரித்து வைத்திருக்கிறதாம், துருவ ஆளைக் காணவில்லை என்று இரண்டு தடவை போன் வந்துவிட்டது.